வழக்குக்கு ஏழு ஆண்டு, நல்கைக்கு ஓர் ஆண்டு: சட்ட உதவி அமைப்புகள் நிதி கேட்பது எப்படி?

கேள்வி இது: "வட தமிழகத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் நான்கு வழக்கறிஞர்களும் மூன்று சமூகப் பணியாளர்களும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளை பதிவு செய்தோம். இருளர் குடியிருப்புகள், செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு வேலை செய்பவர்கள், கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி செய்கிறோம். இதுவரை கைக்காசில் ஓடுகிறது. இனி முடியாது. யாரிடம் நிதி கேட்பது, எப்படிக் கேட்பது?"

யாரிடம் என்பதைப் பிறகு பார்க்கலாம். எதற்கு என்பதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. என்னுடைய முதல் விண்ணப்பமும் அங்கேதான் விழுந்தது. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு என்று மூன்று வரியில் எழுதி, கூட்டி, கையெழுத்திட்டு அனுப்பினேன். அதைப் படித்த அம்மையார் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதையெல்லாம் அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. பின்னாளில் நானே சில நிதி நிறுவனங்களுக்காக விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் உட்கார்ந்தபோது, பத்தில் ஆறேழு விண்ணப்பங்கள் அதே மூன்று வரிகளோடு வந்தன.

அந்த அம்மையார் கேட்டது நியாயம். 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில், ஏழைகளுக்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று சொல்லும் 39ஏ உறுப்பு சேர்ந்தது. அதைச் செயல்படுத்த 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கட்டாய வேலைக்கோ ஆளானவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு. வருமான வரம்பு பார்ப்பது இந்த வகைகளில் அடங்காதவர்களுக்குத்தான். வழக்கறிஞர் கட்டணம் மட்டும் இல்லை. நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், சான்றிட்ட நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

இப்போது உங்கள் கட்சிக்காரர்களைப் பாருங்கள். இருளர் பழங்குடியினர். சூளைத் தொழிலாளி கட்டாய வேலைக்கு ஆளானவர். கைவிடப்பட்டவர் பெண். மூவருமே 12ஆவது பிரிவுக்குள் வருகிறார்கள். சட்டப்படி அவர்களுக்கு ஏற்கெனவே வழக்கறிஞர் உண்டு. அப்படியானால் நீங்கள் எதற்கு?

இந்தக் கேள்விக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருந்தால் விண்ணப்பம் பாதி முடிந்தது. பதில் எங்கே இருக்கிறது என்றால், அந்த உரிமைக்கும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவுக்கும் இடையில் உள்ள தூரத்தில் இருக்கிறது. இருளர் என்று சொன்னால் போதாது, சாதிச் சான்று வேண்டும். பழங்குடியினர் சான்றைத் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பெற்றோருக்குச் சான்று இல்லை என்றால் விசாரணை, மறுவிசாரணை, "அடுத்த வாரம் வாருங்கள்". சூளையிலிருந்து வெளியே வந்தவருக்கு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி விடுதலைச் சான்று வேண்டும். அதற்கும் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான். அந்தத் தாள் இல்லாமல் மறுவாழ்வுத் தொகையும் இல்லை, பல நேரங்களில் வழக்கும் இல்லை. ஜீவனாம்சம் கேட்கும் பெண், வாய்தாவுக்கு வர ஒரு நாள் கூலியை இழக்கிறார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறுகிறார். மூன்றாவது வாய்தாவுக்கு வருவதில்லை. வழக்கு தள்ளுபடி ஆகிறது. ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞர் மீது இதில் எந்தத் தவறும் இல்லை.

ஆகவே, நிதி கேட்க வேண்டியது நீதிமன்றத்துக்குள் நடப்பதற்காக அன்று. அங்கே போய்ச் சேருவதற்கும், போய்க்கொண்டே இருப்பதற்கும். உடன் செல்லும் ஒரு களப்பணியாளர், அவருடைய சம்பளம், கட்சிக்காரரின் பஸ் கட்டணம், இழந்த கூலியில் ஒரு பங்கு, கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பத்து நடை, வழக்குக் கட்டுகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஓர் அலமாரியும் ஓர் ஆளும். பார்க்கப் பெருமையாக இருக்காது. ஆனால் அரசு கொடுக்காத செலவு இதுதான். 2025ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கையின் கணக்குப்படி சட்ட உதவிக்காக நாடு செலவிடுவது தலைக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம். ஒரு தேநீருக்கும் காணாத அந்தக் காசில் களப்பணிக்கு என்ன மிஞ்சும்?

இதே போல வேறு சில செலவுகளையும் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் தினப்படியும் தருமாறு விதிகளிலேயே இருக்கிறது, 11ஆவது விதி. கேட்டு வாங்குவது உங்கள் வேலை. ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சிறையில் இருக்கும் ஏழை விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் பணம் தரும் மத்தியத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. "ஜாமீன் நிதி" என்று ஐந்து லட்சம் கேட்பதற்குப் பதில், "இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஒரு பணியாளர்" என்று கேட்டால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அரசுப் பணத்தைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் ஒரு ரூபாயை எந்த நிதி நிறுவனமும் விரும்பும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு கண்ணி. உங்கள் நான்கு வழக்கறிஞர்களுக்கும் மாதச் சம்பளம் என்று பட்ஜெட்டில் எழுதாதீர்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, தொழில் செய்துகொண்டிருக்கும் வழக்கறிஞர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. சம்பளத்துக்கு வருவதானால் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் வக்காலத்து போட முடியாது. நடைமுறையில் அமைப்புகள் என்ன செய்கின்றன என்றால், நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு வழக்குக்கு இவ்வளவு அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று தொழில்முறைக் கட்டணமாக ஒப்பந்தம் எழுதி, 10 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்து கொடுக்கின்றன. ஒருங்கிணைப்பாளராக முழுநேரம் இருக்கும் சட்டப் பட்டதாரி வழக்காடுவதில்லை. இந்தப் பிரிவினை தெளிவாக இல்லாத பட்ஜெட்டைப் பார்த்தால், சட்டமே தெரியாத சட்ட உதவி அமைப்போ என்ற சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது. துண்டறிக்கையில் வழக்கறிஞர் பெயரையும் படத்தையும் போட்டு "அணுகவும்" என்று அச்சடிப்பதும் விளம்பரத் தடையில் மாட்டும். அமைப்பின் பெயரையும், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற உதவி எண்ணையும் போடுங்கள்.

இனி யாரிடம் என்பது. உங்கள் அமைப்புக்கு வயது இரண்டு. இந்த ஒரு தகவல் பாதிக் கதவுகளைச் சாத்திவிடுகிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர்., முதலில் எல்லோர் வாயிலும் வரும். நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஆனால் அதை வாங்கும் தனியார் அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் மூலம் எண் வாங்கியிருக்க வேண்டும். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, பேச்சில் இன்னும் 12ஏ, 80ஜிதான். தணிக்கையாளரிடம் புதிய எண்ணைக் கேட்டு விண்ணப்பத்தில் எழுதுங்கள்.) இன்னொரு சிக்கல்: எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் 'சட்ட உதவி' என்ற தலைப்பே இல்லை. பெண்களுக்கு அதிகாரமளித்தல், பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் என்ற தலைப்புகளின் கீழ்தான் நுழைய வேண்டும். அட்டவணையைத் தாராளமாகப் பொருள்கொள்ளலாம் என்று 2014 ஜூனில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை மேற்கோள் காட்டலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: செங்கல் சூளை முதலாளி மீது வழக்குப் போடும் அமைப்புக்கு, கட்டடம் கட்டும் நிறுவனம் பணம் தரத் தயங்கும். அந்த நிறுவனங்களிடம், மக்களுக்கு ஆவணம் பெற்றுத் தரும் வேலைக்கு, அதாவது சாதிச் சான்று, குடும்ப அட்டை, விதவை ஓய்வூதியம், பட்டா ஆகியவற்றுக்குக் கேளுங்கள். வழக்குக்கு வேறு இடத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு நிதிக்கும் மூன்று ஆண்டு வயது வேண்டும். அந்த மூன்று நிதியாண்டுகளில் உங்கள் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். நிர்வாகச் செலவு அதில் சேராது. கைக்காசில் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கைக்காசு அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குள் நன்கொடையாக வந்து, ரசீதோடு வெளியே போயிருக்கிறதா? வழக்கறிஞர் தன் பாக்கெட்டிலிருந்து பஸ் கட்டணம் கொடுத்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணம் புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில் மட்டுமே வர முடியும், வாங்கியதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு அது 50 சதவீதம். திருத்தத்தை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம்தான் தீர்ப்பளித்தது.

அந்த 20 சதவீதம் சட்ட உதவி அமைப்பைக் கடிக்கிற இடம் தனி. 'சட்டம் மற்றும் தொழில்முறைக் கட்டணங்கள்' என்பது விதிகளில் நிர்வாகச் செலவுப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனையில் டாக்டர் சம்பளமும் பள்ளியில் ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகாது என்று அதே விதி சொல்கிறது. உங்கள் கட்சிக்காரருக்காக வழக்காடும் வழக்கறிஞர், அந்த டாக்டரைப் போன்றவர்தானே? வாதம் சரி. ஆனால் கணக்குப் புத்தகத்தில் 'லீகல் சார்ஜஸ்' என்று ஒற்றை வரியில் எழுதி வைத்தால், ஆய்வுக்கு வருகிறவர் அதை நிர்வாகச் செலவு என்றுதான் எடுப்பார். கட்சிக்காரர் வழக்குக்கான கட்டணம் ஒரு தலைப்பு, அறக்கட்டளையின் சொந்தச் சட்டச் செலவு இன்னொரு தலைப்பு என்று முதல் நாளிலிருந்தே பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டண ரசீதிலும் வழக்கு எண் இருக்கட்டும்.

இந்த இரண்டு கதவும் திறக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் போகக்கூடியவை உள்நாட்டுக் கொடையாளர்கள். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, டாடா அறக்கட்டளைகள், ரோகிணி நிலேகணியின் கொடை நிறுவனம், நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா ஆகியவை நீதி, விளிம்புநிலை மக்கள் தொடர்பான பணிகளில் கை கொடுத்தவை. நான் மேலே சொன்ன இந்திய நீதி அறிக்கையே 2019இல் டாடா அறக்கட்டளைகளின் முயற்சியில் தொடங்கியதுதான். இவர்களிடம் நேரடியாகப் பெரிய விண்ணப்பம் அனுப்பாதீர்கள். இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பி, பேச அரை மணி நேரம் கேளுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் நிதி பெற்ற ஓர் அமைப்பு உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், இருபது பக்க இணைப்பை விட எடை அதிகம்.

ஐ.நா. நிதிகளில் ஒன்று உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. இக்கால அடிமைமுறைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தன்னார்வ அறக்கட்டளை நிதி, 1991இல் பொதுச்சபை அமைத்தது. பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகச் சட்ட, மருத்துவ, மனநல உதவி செய்யும் அமைப்புகளுக்குத் தருகிறது. கொத்தடிமை முறை அதன் நேரடி வரம்பில் வருவது. ஐ.நா.வும் அதன் சிறப்பு முகமைகளும் நம் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன என்பது கூடுதல் வசதி. ஆனாலும் பணம் எந்தப் பெயரில், எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவே தன்னார்வ அமைப்புகளுக்கு நிதி உதவி தரலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. உங்களைப் போன்ற சிறிய அமைப்பு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பணத்தை விட அவர்களிடம் பெற வேண்டியது இணைப்பு: உங்கள் களப்பணியாளர்கள் சட்டம் சார் தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்றுப் பட்டியலில் சேரட்டும். மாவட்ட ஆணைக்குழுச் செயலர் ஒரு நீதிபதி. அவர் அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று காட்டும் ஒரு கடிதம், எந்த நிதி விண்ணப்பத்துக்கும் முதல் இணைப்பு. ஊர்க்காரர்களின் சிறு நன்கொடையையும் விடாதீர்கள். 80ஜி சலுகை புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது என்பதால் 'வரி மிச்சம்' என்ற தூண்டில் பழைய மாதிரி மாட்டுவதில்லை. இருந்தாலும், எந்த நிபந்தனையும் இல்லாத பணம் அது ஒன்றுதான்.

நிபந்தனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் சட்ட உதவிக்கென்று 1974 முதல் மத்திய நிதி நிறுவனம் ஒன்று உண்டு. அதன் பணத்தை வாங்கும் அமைப்புகள் கூட்டு வழக்குகள் போடக் கூடாது என்று 1996இல் நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதித்தது. தனித்தனியாக நூறு பேருக்கு வழக்காடலாம், நூறு பேருக்கும் சேர்த்து ஒன்றாக வழக்காடக் கூடாது. அங்கே 1981இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய இன்னொரு வழி, வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களுக்காக வங்கியில் வைத்திருக்கும் பணத்தின் வட்டியைச் சட்ட உதவிக்குத் திருப்புவது. நம்மிடம் அப்படி ஏற்பாடு இல்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறதோ, அதுதான் எந்த வழக்கை எடுக்கலாம் என்று முடிவு செய்கிறது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும். சூளை வழக்கை எந்தப் பணத்தில் நடத்துவது, விழிப்புணர்வு முகாமை எந்தப் பணத்தில் நடத்துவது என்று முன்கூட்டியே உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் முடிவு செய்ய நேர்ந்தால், வழக்குதான் கைவிடப்படும்.

நல்கை, அதாவது நிதி நிறுவனம் தரும் உதவித்தொகை, அதன் ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றாண்டு. நிலத் தகராறு ஏழு ஆண்டு ஓடும், மேல்முறையீடு தனி. முதல் ஆண்டில் உற்சாகமாக நூற்றிருபது வழக்கு எடுத்து, நல்கை முடிந்ததும் நூறு பேரிடம் "வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஓர் அமைப்பை எனக்குத் தெரியும். அந்த ஊருக்கு அதற்குப் பிறகு யார் போனாலும் வாசலோடு திரும்பி வர வேண்டியதாயிற்று. அதனால் எண்ணிக்கையைக் குறைத்து எழுதுங்கள். ஆண்டுக்கு முப்பது வழக்கு, இருநூறு ஆவண வேலை என்று எழுதினால் கேவலமில்லை. பட்ஜெட்டில் 'நல்கை முடிந்த பின் வழக்குத் தொடர்ச்சி' என்று ஒரு வரி வையுங்கள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. சிலர் வெட்டுவார்கள். வெட்டினால் எந்த வழக்குகளை எந்தத் தேதிக்குள் மாவட்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

அறிக்கை எழுதும்போது எண்களுக்கு அடுத்தபடி படமும் 'வெற்றிக் கதை'யும் கேட்பார்கள். இதில் தயங்காமல் மறுக்கலாம். போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம், பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் அடையாளம் வெளியிடுவது குற்றம். மற்றவர்களிலும், கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னது அவர் அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. நிதி தருகிறவரும் வெளியார்தான். வழக்குக் கட்டைப் பார்வையிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தால், 'பெயர் நீக்கிய சுருக்கம்' என்று திருத்தி அனுப்புங்கள். நல்ல நிறுவனங்கள் உடனே ஒப்புக்கொள்ளும். முகாம் எத்தனை, வந்தவர் எத்தனை என்பதற்குப் பதிலாக எத்தனை பேர் மூன்றாவது வாய்தாவுக்கும் வந்தார்கள், எத்தனை விடுதலைச் சான்று கைக்கு வந்தது, மனு கொடுத்து எத்தனை நாளில் வந்தது என்று எண்ணிக் கொடுங்கள். இந்த எண்களை இப்போதே, நிதி வருவதற்கு முன்பே, ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிடுங்கள்.

முதல் முறை எவ்வளவு கேட்பது என்றும் சேர்த்தே கேட்பீர்கள். இரண்டு களப்பணியாளர், ஒரு ஒருங்கிணைப்பாளர், வழக்குக் கட்டணம், பயணம், கணக்காளர் என்று உங்கள் ஊர் விலைவாசியில் உண்மையாகக் கூட்டிப் பாருங்கள். வருகிற தொகையைப் பார்த்து நீங்களே பயந்து பாதியாகக் குறைக்காதீர்கள். பாதிப் பணத்தில் முழு வேலையை ஒப்புக்கொண்டால், மீதிப் பாதி மறுபடியும் அந்த நான்கு வழக்கறிஞர்களின் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.